செவிப்பறையைத் தட்டிப் பார்த்தவர்கள்

திருமலையிலிருந்து இறங்கும் பேருந்து நாலைந்து வளைவுகளைக் கடந்ததும் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் பேசுகிறவரின் குரல் ஏதோ சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கும். எச்சிலை விழுங்கினால் ‘பொட்’டென்று திறந்துகொள்ளும், சளி பிடித்திருந்தால் அடிவாரம் வந்தும் திறக்காது. கைக்குழந்தை வீரிட்டு அழும், தாய் பால் கொடுத்தால் அடங்கும்; பால் குடிக்கும்போது விழுங்குகிறதே, அதனால்தான். திருப்பதி ஊருக்கும் திருமலைக்கும் உயரத்தில் சுமார் 700 மீட்டர் வித்தியாசம். காற்றழுத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 800 டெக்காபாஸ்கல். நடுச்செவியைச் சோதிக்க இன்று மருத்துவமனைகளில் இருக்கும் டிம்பனோமீட்டர் என்ற கருவி, காதுக்குழாயின் அழுத்தத்தை +200 டெக்காபாஸ்கலிலிருந்து −400 வரை நகர்த்துகிறது, மொத்தம் 600. அதைவிடப் பெரிய மாற்றத்தை அந்த மலைப்பாதை நாள்தோறும் பல்லாயிரம் காதுகளுக்குக் கொடுக்கிறது. 1944ல் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை, அலிபிரி வழியாகச் சுமார் 3,550 படிகள் ஏறி இறங்கியவர்களுக்கு இதே மாற்றம் மணிக்கணக்கில் மெல்ல நடந்தது. காது அதைப் பெரும்பாலும் சத்தமில்லாமல் சமாளித்தது. மோட்டார் வண்டி வந்ததும் அது ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. 1974ல் ஏறுவதற்கென்று இரண்டாவது பாதை போட்ட பிறகு, இறங்குவதற்கு இன்றும் பயன்படுவது அந்தப் பழைய பாதைதான்.

அப்படி அடைத்துப்போன காதை 1944ல் ஒரு மருத்துவர் சோதித்திருந்தால், செவிப்பறை வரைக்கும் கண்ணால் பார்த்திருப்பார். பறைக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது, பறை எவ்வளவு விறைத்திருக்கிறது, அதனால் எவ்வளவு ஒலி உள்ளே போகாமல் நிற்கிறது என்பதையெல்லாம் அறிய அவருக்கு நடைமுறையில் இருந்த வழி ஒன்றே: காதுக்குரியவரையே கேட்பது. பதினைந்தே ஆண்டுகளில், கேட்காமலே அறிய முடிந்தது. நடுச்செவி நோய்களை ஒலியால் அளக்கும் கலையின் வரலாற்றைத் துல்லியம் கூடிக்கொண்டே போன கதையாகத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு: சோதனையின் முடிவு யாருடைய பதிலை நம்பியிருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் முதுகெலும்பு. நோயாளியின் பதிலிலிருந்து மருத்துவரின் காதுக்கும், மருத்துவரின் காதிலிருந்து ஒரு கருவி முள்ளின் அசைவுக்கும் அது நகர்ந்தது. அந்த நகர்வின் கடைசிப் படி கோபன்ஹேகனில் நடந்தது என்றாலும், அதன் தேவையை முழுமையாகக் காட்டும் இடம் சித்தூர்–திருப்பதி போன்ற ஓர் எல்லைச் சீமை.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த ஆண்டு அது தனி மாவட்டமாக, வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போனது. 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம், தமிழகத்துக்கு, வந்தது. 2022ல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறினாலும் நோயாளிகள் போகும் தடம் மாறவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் 35 கிலோமீட்டர்தான். நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. குப்பத்தில் கன்னடமும் சேரும், ஊருக்கு ஊர் உருதும் உண்டு. இந்தச் சீமையில் காது மருத்துவர் முன்னால் வந்து உட்கார்கிறவர் எந்த மொழியில் பதில் சொல்வார் என்பது வாயைத் திறக்கும்வரை தெரியாது.

டியூனிங் ஃபோர்க்கை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இசைக்கவை என்று சொல்வோமே, அதுதான். வினாடிக்கு 512 முறை அதிரும் அந்த எஃகுக் கவையை மருத்துவர் தன் முழங்கையில் தட்டி, அதன் அடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றுகிறார். “கேக்குதா?”, “வினபடுதுந்தா?” சத்தம் நின்றதும் சொல்லச் சொல்கிறார். பிறகு கவையைக் காதுத் துளைக்கு எதிரே பிடித்து, இப்போது கேட்கிறதா என்கிறார். எலும்பு வழியைவிடக் காற்று வழியே நன்றாகக் கேட்டால் நடுச்செவி நன்றாக இருக்கிறது. மாறிக் கேட்டால் அங்கே தடை. 1855ல் ஹைன்ரிஷ் அடால்ஃப் ரின்னே என்ற ஜெர்மானியர் எழுதிவைத்த இந்தச் சோதனையைப் போல மலிவானதும் அழகானதும் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆனால் அதன் முழுப் பாரமும் நோயாளியின் ஒரு சொல்லில் நிற்கிறது. எலும்பில் ஊன்றியதும் சத்தம் கேட்கிறதா, வெறும் அதிர்வு தெரிகிறதா என்று பிரித்துச் சொல்லப் பெரியவர்களே திணறுவார்கள். டாக்டர் மனம் கோணக்கூடாது என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு. நாலு வயதுப் பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லும். இன்னொன்று: தடை ஏறத்தாழ 20 டெசிபலைத் தாண்டினால்தான் இந்தச் சோதனை நம்பிக்கையோடு மாறிக் காட்டும். பிள்ளைகளின் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும்போது உண்டாகும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் 20லிருந்து 30 டெசிபல். எந்த நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமோ, அது சோதனையின் கண்ணிக்கு விளிம்பிலேயே நிற்கிறது.

கேட்காமல் அறிவது நமக்குப் புதிய யோசனை அல்ல. சந்தையில் மண்பானை வாங்குகிறவர் அதைச் சுண்டிப் பார்க்கிறார்; கீறல் விட்ட பானை மந்தமாக ஒலிக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்கிறார்கள். மனித மார்பையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம் என்று வியன்னாவில் லியோபோல்ட் ஔவன்புருக்கர் 1761ல் எழுதினார். அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே 1915ல் எழுந்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமொட்-மொல்லரும் அவருக்குப் பின்வந்தவர்களும் மார்பைத் தட்டி நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதை அறிந்தார்கள். நீர் இல்லாத இடம் கணீரென்று ஒலிக்கும், நீர் உள்ள இடம் கல்போல் ஒலிக்கும். காதிலும் இதே நியாயம்தான். செவிப்பறை என்ற தமிழ்ச் சொல்லிலேயே பறை இருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் அதன் குரல் தாழ்ந்து கனப்பதை யாரும் கேட்டிருப்பார்கள். தோலின்மேல் ஏறும் எடை அதன் அசைவை மாற்றுகிறது. வலப்பக்கத்துக் கறுப்புப் பூச்சான கரணை எப்படித் தோலின் சிதறிய ஒலிகளை ஒழுங்கான சுரங்களாக்குகிறது என்பதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920ல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தால், அதுவும் உட்புறமாய் ரவை அப்பிய தொப்பிதான். ஆனால் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பும் உள்ள பறையை விரலால் தட்ட முடியாது. ஒலியால்தான் தட்ட வேண்டும். திரும்பி வருவதை அளக்க வேண்டும்.

இதை முதலில் முயன்றவர் பெர்லினின் ஆகுஸ்ட் லூக்கே. 1867ல் அவர் செய்த கருவி, இரண்டு காதுகளிலிருந்தும் திரும்பும் ஒலியைக் குழாய்கள் வழியே ஒப்பிட்டது. ஒப்பிட்டது யார்? மருத்துவரின் காது. நோயாளி பதில் சொல்ல வேண்டாம், ஆனால் மருத்துவருக்கு நுட்பமான செவி வேண்டும். நெதர்லாந்தின் ஃபான் டிஸ்ஹூக் 1930களில் வேறு வழியில் போனார். காதுக்குழாயில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த அழுத்தத்தில் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கிறது என்று நோயாளியிடம் கேட்டார். அதுவே பறைக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம் என்பது அவர் கண்டது. மலையிறங்கும் பேருந்தில் விழுங்கியவுடன் குரல்கள் தெளிவதும் இதனால்தான்: பறைக்கு இருபுறமும் அழுத்தம் சமமாகும்போது அது மிக எளிதாக அசைகிறது. யோசனை மிக அருமையானது. ஆனால் பாரம் மறுபடியும் நோயாளியின் சொல்லுக்கே போய்விட்டது. 1946ல் கோபன்ஹேகனில் ஓட்டோ மெட்ஸ், சீரான காதுகளையும் நோயுற்ற காதுகளையும் எடுத்து அவற்றின் ஒலி மறிப்பை, அதாவது ஒலி உள்ளே போவதைக் காது எவ்வளவு தடுக்கிறது என்பதை, முறையாக அளந்து ஒரு நூலே எழுதினார். அவர் பயன்படுத்திய ‘பாலம்’ என்ற ஒப்பீட்டுக் கருவியின் ஒருபுறம் நோயாளியின் காது, மறுபுறம் திருகித் திருகி மாற்றக்கூடிய அளவுகோல். நடுவில் குழாயை வைத்துக்கொண்டு அளப்பவர் ஒலி அடங்கும் புள்ளியைத் தேடினார். எண்களாக வெளிவந்த அந்த அளவுகளின் கடைசிக் கண்ணியும் ஒரு மனிதச் செவிதான்.

அந்தக் கண்ணியை 1959–60ல் அதே கோபன்ஹேகனில் கனூட் டெர்க்கில்ட்சன் அறுத்தார். தாம்சனோடு சேர்ந்து எழுதிய 1959 கட்டுரையில், ஃபான் டிஸ்ஹூக்கின் அழுத்த மாற்றத்தையும் மெட்ஸின் ஒலி அளவையும் ஒன்றாக்கினார். மறு ஆண்டு ஸ்காட் நீல்சனோடு சேர்ந்து ஒலிபெருக்கியும் மைக்கும் காற்றுப் பம்பும் ஒரே முனையில் அடங்கிய கருவியை விவரித்தார். முனையை ஒரு ரப்பர் மொட்டோடு காதில் பொருத்தினால், தாழ்ந்த ஒரு ரீங்காரம் உள்ளே போகிறது. பறை விறைத்திருந்தால் நிறைய ஒலி திரும்பி மைக்கில் விழுகிறது, தளர்ந்திருந்தால் குறைவாக விழுகிறது. முள் காட்டுகிறது. நோயாளி அசையாமல் இருந்தால் போதும், தூங்கினாலும் சரி. அதே 1960ல்தான் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் காது மருத்துவம் படித்தவர்களின் தலைமுறைதான், கவையைக் கையில் ஏந்தித் தொடங்கி, வளைகோட்டைக் கையில் பிடித்து முடித்த தலைமுறை.

வளைகோடு என்றேன். அதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. அழுத்தம் கிடைமட்டத்தில் ஓட, பறை ஒலிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது மேல்நோக்கி எழுகிறது. நல்ல காதில் நடுவில், சுழி அழுத்தத்தின்மேல், ஒரு குன்று தெரியும். மூக்குக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள குழல் சரியாகத் திறக்காத காதில் குன்று அப்படியே இடப்பக்கம், குறை அழுத்தத்துக்கு நகர்ந்துவிடும். மலையிறங்கி விழுங்காதிருக்கும் காது அதுதான். நீர் கோத்த காதில் குன்றே இருக்காது, வெறும் சமவெளி. அங்கவடி எலும்பு இறுகிப்போனால் குன்று தாழும். எலும்புச் சங்கிலி அறுந்துபோனால் கோபுரம்போல் உயரும். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜெர்கர் 1970ல் இவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளைக் கொடுத்துப் பரவலாக்கினார். சமவெளி தெரிந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: முனைக்கு முன்னால் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது. அது மிகக் குறைவென்றால் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது முனை சுவரில் முட்டியிருக்கிறது. வழக்கமான அளவென்றால் நீர். மிக அதிகமென்றால் பறையில் ஓட்டை. கருவி நடுச்செவியின் காற்றையும் சேர்த்து எண்ணிவிட்டது. ஒரு சின்னத் தாள் துண்டில் இவ்வளவும் அடங்கும். திருப்பதியில் எடுத்த அந்தத் துண்டை வேலூரில் இருப்பவர் படிக்க, நோயாளி எந்த மொழிக்காரர் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை.

இதைப் படிக்கவும் எடுக்கவும் ஆள் வேண்டுமே. அதற்கான முதல் பெரிய பட்டறை 1965ல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிக் கழகம். ஆடியாலஜிஸ்ட் என்ற தொழில் தென்னிந்தியாவில் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மாவட்ட மருத்துவமனைகள் வரைக்கும் கருவியையும் ஆளையும் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் அரசுத் திட்டமாக வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன; காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006–07ல் 25 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. நோயின் சுமை அவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. சீழ் வடியும் காது மக்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் இருந்து உடனடிக் கவனம் கோரும் நாடுகளின் வரிசையில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை வைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் காது மருத்துவர்கள் 1990களின் பிற்பகுதியில் கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளைக்கு நடுச்செவி அழற்சி இருப்பதைக் கண்டது. சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அதிகம் மாறுபடாத கிராமங்கள் அவை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சீழ் வடியும் காதுதான் இந்தப் பகுதியின் பெருநோய் என்றால், அதற்கு டிம்பனோமீட்டர் எதற்கு? ஓட்டை விழுந்த பறையின் இருபுறமும் அழுத்தம் ஒன்றாகிவிடும். கருவி சமவெளியைத்தான் காட்டும். டார்ச் விளக்கும் கண்ணும் சொல்வதற்குமேல் அது எதுவும் சொல்லாது. அந்தப் பணத்தில் காதைத் துடைக்கப் பஞ்சும், சொட்டு மருந்தும், காதில் காய்ச்சின எண்ணெய் விடாதீர்கள் என்று சொல்ல ஓர் ஊழியரும் கிடைப்பாரே. சீழ் வடியும் காதைப் பொறுத்தவரை இந்த மறுப்பு முழுக்கச் சரி. கருவியை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஆகவே நாம் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காது ஒருநாளில் அப்படி ஆகிவிடவில்லை. அதற்கு முன் பல மாதம் அது வலியும் இல்லாமல், வடிவதும் இல்லாமல், குறை அழுத்தத்தோடும் நீரோடும் இருந்திருக்கலாம். பறை உள்ளிழுத்துப்போய், ஒட்டி, கடைசியில் கிழியும் காதுகள் இவற்றிலிருந்தும் வருகின்றன. அந்த நாட்களில் பிள்ளை அழாது. கூப்பிட்டால் திரும்பாது, ஆசிரியர் கேள்விக்குப் பதில் சொல்லாது. கவனமில்லை, மந்தம் என்று பெயர் வாங்கும். டார்ச்சில் பறை கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். கவை விளிம்பிலே தடுமாறும். வாய் திறக்காத அந்தக் காதுக்குத்தான் கருவி.

இதற்கும் ஓர் எதிர்வாதம் உண்டு, அதுவும் லேசானதல்ல. நீர் கோத்த காதுகளில் பெரும்பாலானவை மூன்று மாதத்தில் தாமாகவே தெளிந்துவிடுகின்றன. அப்படியிருக்க எல்லாப் பிள்ளைகளின் காதிலும் சமவெளியைத் தேடிக் கண்டுபிடித்தால், தேவையில்லாத மாத்திரையும் தேவையில்லாத அறுவையும்தானே மிஞ்சும்? ஒற்றை அளவை வைத்து முடிவெடுத்தால் அப்படித்தான் ஆகும். எண்ணாக எழுதிவைத்த அளவின் பலன் அடுத்த அளவோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் வருகிறது. கவையின் ‘கேக்குதா’வுக்கு மூன்று மாதம் கழித்து ஒப்பிட எதுவும் இருக்காது, தாள் துண்டுக்கு இருக்கும். பொறுத்திருந்து பார்ப்பது என்ற சிகிச்சையே, அளந்து வைத்தவருக்குத்தான் சாத்தியம். கருவி வந்ததும் மருத்துவர் நோயாளியிடம் பேசுவதை விட்டுவிடுவார் என்ற பயத்துக்கும் இடம் இருக்கிறது. சமவெளி என்பது செவிட்டுத்தனம் அல்ல. சமவெளியோடு ஓரளவு நன்றாகவே கேட்கும் பிள்ளை உண்டு; அழகான குன்றோடு உட்செவி செத்துப்போன பிள்ளையும் உண்டு. பறை அசைகிறதா என்பதற்கு மட்டும்தான் கருவி பதில் சொல்கிறது. பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது என்பதைத் தாயிடமும் ஆசிரியரிடமும்தான் கேட்க வேண்டும், தெலுங்கிலோ தமிழிலோ.

கருவியின் சொந்த வரம்புகளும் வரலாற்றின் பகுதிதான். ஆறேழு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் காதில் தாழ்ந்த ரீங்காரம் ஏமாற்றிவிடும். நீர் இருந்தும் குன்றைக் காட்டும். சிசுக்களுக்கு 1,000 ஹெர்ட்ஸ் ஒலி வேண்டும். ஓர் ஒலிக்குப் பதில் பல நூறு ஒலிகளை ஒரே நொடியில் அனுப்பி அளக்கும் முறை 1990களில் உருவாகி இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. 2019ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு கைப்பேசியும் மடித்த தாள் கூம்பும் போதும் என்று காட்டினார்கள்: பேசியின் ஒலிபெருக்கி பறவைக் கீச்சுபோல் ஒன்றை அனுப்ப, மைக் எதிரொலியைப் பிடிக்க, நீர் இருக்கிறதா என்று பேசியே கணக்கிடுகிறது. லூக்கேயின் குழாய்களுக்கும் அந்தத் தாள் கூம்புக்கும் இடையே 150 ஆண்டுகள், தத்துவம் ஒன்றேதான். ‘சீரான காது’ என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்த எண்களும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. சீன இளைஞர்களின் குன்றுகள் ஐரோப்பிய வம்சத்தாரின் குன்றுகளைவிடத் தாழ்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. மொழி கடந்த வளைகோட்டுக்கும், எந்த மக்களிடம் அளந்த அளவுகோல் என்ற ஊர் உண்டு.

ஊர் என்றால் உயரமும் சேர்ந்ததுதான். இன்றைய கருவிகள் 226 ஹெர்ட்ஸ் ஒலியைத் தேர்ந்திருப்பதற்கு ஒரு வசதி காரணம்: கடல் மட்டத்தில் அந்த ஒலிக்கு ஒரு கன சென்டிமீட்டர் காற்று கொடுக்கும் இடம் சரியாக ஓர் அலகு. மேலே போகப் போகக் காற்று தளர்கிறது, அதே கொள்ளளவு கூடுதலாக இடம் கொடுக்கிறது. திருப்பதியில் சரிபார்த்த ஒரு டிம்பனோமீட்டரை மலைமேல் அஸ்வினி மருத்துவமனைக்கு எடுத்துப்போனால், 2 கன சென்டிமீட்டர் சோதனைக் குழிவை அது 2.2க்கு அருகே காட்டும். மேலே போனதும் முதல் வேலையாக அந்த உலோகக் குழிவில் முனையைச் செருகி, எண்ணை 2க்குத் திருத்திய பிறகுதான் பிள்ளையின் காதில் வைக்க வேண்டும்.